டேபிள் ரன்னர் கொப்பளிக்கிறதா, சுருள்கிறதா, விறைக்கிறதா? உள்ளே வைத்த கேன்வாஸைப் பாருங்கள்

தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் ஈரோட்டில் என் தையல் மேசைக்குத் திரும்பி வருகிற உருப்படிகளில், மேசை நடுவில் நீளவாட்டில் விரிக்கிற டேபிள் ரன்னர்தான் அதிகம். நான் தைத்ததும் வரும், என்னிடம் தையல் பழகியவர்கள் தைத்ததும் வரும், அக்கம்பக்கத்தார் எங்கோ வாங்கிக்கொண்டு வந்ததும் வரும். பிரித்துப் பார்த்தால் மேல்துணி நன்றாகவே இருக்கும், தையலும் நேராக இருக்கும், விறைப்புக்காக மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைத்த கேன்வாஸ்தான் அந்தத் துணிக்குப் பொருந்தாததாகவோ சரியாக ஒட்டப்படாததாகவோ இருக்கும். ஒரே பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எதை முதலில் பார்க்கணும், எதற்கு அப்புறம்தான் பிரிக்கணும் என்று ஒரு வரிசை கிடைத்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கடையில் இதில்தான் குழப்பமே வருகிறது. ஒட்டு கேன்வாஸ், ஃப்யூசிங், பேஸ்டிங் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு பக்கம் பசை உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் காகிதம் மாதிரி இருப்பது ஒரு வகை, இதைப் பேப்பர் கேன்வாஸ் என்போம், பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) எதுவும் கிடையாது. நெய்த துணியிலேயே பசை போட்டது இன்னொரு வகை, துணி கேன்வாஸ். பசையே இல்லாமல் தைத்துச் சேர்க்கிற கேன்வாஸும் உண்டு. பக்ரம் என்பது விறைப்பானது, திரைச்சீலைத் தலைப்புக்குச் சரி, ரன்னர் பக்கமே கொண்டு வராதீர்கள்.

எந்தக் குறையாக இருந்தாலும் பிரிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். தைப்பதற்கு முன் மேல்துணியை நனைத்தீர்களா? இஸ்திரியை எதன்மேல் வைத்துப் போட்டீர்கள்? குறை தைத்த அன்றே இருந்ததா, முதல் சலவைக்குப் பிறகு வந்ததா? பாதிப் பழுது இதிலேயே பிடிபட்டுவிடும்.

குறை: மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது

அதிகம் வருவது இதுதான். கொப்புளத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள்.

*விரலுக்கடியில் இரண்டு அடுக்கும் தனித்தனியாக நகர்ந்தால்*

பசை விட்டுப்போயிருக்கிறது, அல்லது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. செலவில்லாத காரணத்திலிருந்து பார்ப்போம். கட்டில் மெத்தைமேல் போர்வையை விரித்து இஸ்திரி போடுகிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. சட்டைக்கு அது போதும், ஒட்டு கேன்வாஸுக்குப் போதாது, நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தையெல்லாம் மெத்தை வாங்கிக்கொள்ளும், பசை உருகினாலும் துணிக்குள் இறங்காது. தரையில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டியை விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்தினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். இப்போது வருகிற எடை குறைந்த அயர்ன் பாக்ஸ்களில் இரண்டு கையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை ஆகும்.

அடுத்தது, பெட்டியைத் தேய்ப்பது. ஒட்டும்போது தேய்க்கவே கூடாது. வைக்கணும், 10 முதல் 15 விநாடி அசையாமல் அழுத்தணும், தூக்கணும், முந்தின இடத்தில் கொஞ்சம் ஏறுகிற மாதிரி அடுத்த இடத்தில் வைக்கணும். மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள், ஏனென்றால் 72 இஞ்ச் ரன்னரில் பாதி தூரம் போனதும் எல்லோருக்கும் பொறுமை குறைந்து ஐந்து எண்ணுவதற்குள் தூக்கிவிடுகிறோம், கொப்புளமும் பெரும்பாலும் அந்தப் பின்பாதியில்தான் வருகிறது. முடித்ததும் சூடு முழுதாக ஆறும்வரை மடிக்கவோ தூக்கிப் பார்க்கவோ வேண்டாம். பசை ஆறும்போதுதான் இறுகுகிறது.

இவை இரண்டும் சரியாக இருந்தால் கஞ்சியைச் சந்தேகப்படுங்கள். புதுப் பருத்தியில், முக்கியமாகக் கைத்தறியில், மொடமொடப்புக்குப் போட்ட கஞ்சி இழைகளுக்குமேல் படலமாக நிற்கும். பசை துணியைத் தொடாமல் அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும், முதல் அலசலில் கஞ்சி கரைந்ததும் பிடிப்பும் கூடவே போய்விடும். தைத்த அன்று தகடுபோல இருந்தது ஒரே சலவையில் கொப்பளித்தது என்றால் பெரும்பாலும் இதுதான்.

சரிசெய்வது எப்படி? கொப்புளம் ஒன்றிரண்டு, அகலம் ஒரு ரூபாய் நாணய அளவு என்றால் மேலே ஈரத்துணி விரித்து, பெட்டியை 15 விநாடி வைத்து எடுத்து, உடனே கனமான தட்டையான பொருள் ஒன்றைத் தூக்கி வையுங்கள். நான் சப்பாத்திக் கல்லைத்தான் வைக்கிறேன், சில்லென்ற கருங்கல் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் பசை அந்த இடத்திலேயே இறுகிவிடுகிறது. இரண்டு தடவை செய்தும் எழும்பினால் மூன்றாவது முறை வேண்டாம். பசை தீர்ந்துவிட்டது, சூடு ஏற்ற ஏற்றத் துணிதான் பழுக்கும். பிரித்துக் கேன்வாஸை மாற்றுங்கள்.

*இரண்டு அடுக்கும் ஒட்டியே இருந்தால், ஆனாலும் அலை அலையாக இருந்தால்*

இரண்டில் ஒன்று சுருங்கியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கப் பின்பக்கத்தைப் பாருங்கள். மேல்துணி நேராக நின்று பின்பக்கம் கேன்வாஸில் குறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தால் மேல்துணி சுருங்கியது. கேன்வாஸ் இழுத்துக் கட்டினமாதிரி இருந்து மேல்துணி புடைத்தால் கேன்வாஸ் சுருங்கியது, அதாவது சூடு அதிகமாகிவிட்டது. பேப்பர் கேன்வாஸில் பெரும்பகுதி பாலியஸ்டர், அதிகச் சூடு தாங்காது.

நனைக்காத பருத்தி 3 சதவீதம் சுருங்கினாலே 72 இஞ்ச் ரன்னரில் 2 இஞ்சுக்கு மேல் போய்விடும். அந்த 2 இஞ்ச் கேன்வாஸ் எங்கே போகும், அலையாகத்தான் நிற்கும். இதை இஸ்திரியால் சரிசெய்ய முடியாது, நிறையப் பேர் ஒரு மாலை முழுக்க இதோடு போராடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கத் தையலைப் பிரித்து, துணி சூடாக இருக்கும்போதே கேன்வாஸை உரித்து எடுத்து, மேல்துணியை நன்றாக அலசிக் காயவைத்து, புதுக் கேன்வாஸைத் துணியின் இப்போதைய அளவுக்கு வெட்டி ஒட்டுவதுதான் வழி.

போன வருஷம் ஒரு கண்டாங்கி ரன்னர் வந்தது. அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்டது, தைத்த பெண் அழாத குறை. ஓரத்தில் 4 இஞ்ச் பிரித்து உள்ளே கையை விட்டேன், கேன்வாஸ் சில இடத்தில் தனியாகவும் சில இடத்தில் கல்லாகவும் இருந்தது. பெட்டியை வைத்துச் சூடாக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் கிளப்பி, துணியை உதறாமல் தட்டையாக வைத்துக்கொண்டு, கேன்வாஸை மட்டும் பின்னோக்கி மடித்து மடித்து இழுத்ததில் ஒரு சாண் ஒரு சாணாக வந்தது. துணியில் தங்கின பசைப் புள்ளிகள்மேல் பழைய வேட்டித் துண்டைப் போட்டு மறுபடி சூடு வைத்ததும் பாதிப் பசை அதில் ஏறிக்கொண்டது, மீதியின்மேலேயே புதுக் கேன்வாஸ் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மணி நேர வேலைதான். அந்த ரன்னர் இப்போதும் அவர்கள் மேசையில் கிடக்கிறது.

*எப்போது வெளியே கொடுக்கணும்:* பத்து இருபது ரன்னர் ஒரே அளவில் வேண்டும், எல்லாமே கொப்பளிக்கிறது என்றால் வீட்டுப் பெட்டியோடு போராடாதீர்கள். ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கங்களில் சட்டைக் காலருக்கு ஃப்யூசிங் போட்டுத் தருகிற ஜாப் ஒர்க் யூனிட்கள் இருக்கின்றன. சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் அங்கே மெஷினில் ஒரே சீராக விழும். போகும்போது மேல்துணியிலும் கேன்வாஸிலும் ஒரு சாண் துண்டு கொண்டுபோய் முதலில் அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறை: மேசை ஓரத்தில் தொங்காமல் அட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது

கேன்வாஸ் கனம் கூடிவிட்டது, வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. ரன்னர் என்பது மேசை விளிம்பு வரை தட்டையாகக் கிடந்து, விளிம்பு தாண்டியதும் புடவை முந்தானைபோல விழணும். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: கேன்வாஸ் எப்போதும் மேல்துணியைவிட மெல்லிசாகவே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மெல்லிசையே எடுங்கள். மெல்லிசு போதவில்லை என்றால் இன்னொரு அடுக்கு சேர்க்கலாம், கனத்தை முழுசாக இளக்க வழி கிடையாது.

சாதாரணப் பருத்தி, சுங்குடி, லினன் கலந்த துணிகளுக்கு 25 முதல் 40 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கு) போதும். 60க்கு மேலே போனால் பை தைக்கிற கணக்கு. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இளகலாகத்தான் தெரியும், பசை ஏறினதும் ஒரு படி விறைப்பு கூடும், அங்கேதான் ஏமாறுகிறோம். எந்தக் கேன்வாஸ் வாங்கினாலும் கால் மீட்டர் முன்னதாக வாங்கி, அதே மேல்துணித் துண்டில் ஒட்டி, மேசை ஓரத்தில் 6 இஞ்ச் தொங்கவிடுங்கள். முழுசாக மடங்கி விழுந்தால் அதையே எடுங்கள், பாதியில் நின்றால் ஒரு படி குறையுங்கள். பவானி ஜமுக்காளம் மாதிரித் தடிமனான நெசவில் ரன்னர் தைப்பவர்கள் கேன்வாஸே வைக்க வேண்டாம், அந்தத் துணிக்கே உடம்பு இருக்கிறது.

ஏற்கெனவே தைத்தாயிற்று, பிரிக்க மனசில்லை என்றால் ஒன்று செய்து பாருங்கள். வெந்நீர் வேண்டாம், சாதா நீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் கொடியில் போட்டு, பாதி ஈரத்தில் மேசையில் விரித்து முனைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுக் காயவிடுங்கள். பேப்பர் கேன்வாஸ் கொஞ்சம் இளகும். அதிலும் இளகாவிட்டால் விளிம்பு தாண்டுகிற இரண்டு முனையிலும் மட்டும் பின்துணியைப் பிரித்து, தொங்குகிற பகுதிக் கேன்வாஸை வெட்டி எடுத்துவிடலாம். நடுவில் உடம்பும் முனையில் விழுச்சியும் கிடைக்கும். இப்போதெல்லாம் தைக்கும்போதே சில ரன்னருக்கு இப்படித்தான் நான் வைக்கிறேன்.

குறை: மேல்துணியில் பளபளப்பு, புள்ளி, எண்ணெய் பட்ட மாதிரிக் கறை

பசை மேலே வந்துவிட்டது. எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

*வட்டமாக, பாத்திரத்தின் அடி அளவில் இருந்தால்:* குக்கர்தான். இந்தக் கேன்வாஸ் பசைகள் பெரும்பாலும் 100லிருந்து 140 டிகிரிக்குள் உருகுபவை. விசில் வருகிற குக்கருக்குள்ளேயே 120 டிகிரி பக்கம் இருக்கும், அடித்தகடு அதைவிடச் சூடு. அதைக் கொண்டுவந்து ரன்னர்மேல் வைத்தால் பசை உருகி மேலே ஏறத்தான் செய்யும். பாலியஸ்டர் பஞ்சு ஷீட் உள்ளே இருந்தால் அந்த இடம் குழிந்தும் போகும். சூடு பாத்திரம் வைக்கிற மேசைக்கு ஒட்டு கேன்வாஸும் வேண்டாம், பாலியஸ்டர் பஞ்சும் வேண்டாம். பழைய பருத்திப் போர்வையை உள்ளே வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துவிடுங்கள், அதற்குமேலும் ஒரு பிரிமணை வைத்தே பாத்திரத்தை இறக்குங்கள்.

*ரன்னர் முழுக்கப் பொடிப் புள்ளியாக இருந்தால்:* துணி மெல்லிசு, பசைப் புள்ளி பெரிசு. வாயில் (voile), ஆர்கண்டி மாதிரி மெல்லிய துணிகளில் இது வந்தே தீரும். அவற்றுக்கு ஒட்டாத கேன்வாஸ், அல்லது அதே துணியில் இன்னொரு அடுக்கு.

*தெரு முனையில் கரி இஸ்திரிக்குக் கொடுத்த பிறகு வந்தால்:* அந்தப் பெட்டியில் சூட்டைக் குறைக்கும் திருகு கிடையாது. ரன்னரைக் கொடுக்கும்போது "உள்ளே ஒட்டு கேன்வாஸ் இருக்குண்ணா, மேலே துணி போட்டுத் தேய்ங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொன்னபடி பார்த்துச் செய்கிறார்கள்.

கறையை எடுக்க: பழைய பருத்தித் துணியை மேலேயும் கீழேயும் வைத்து, மிதமான சூட்டில் அழுத்தி எடுங்கள், துணியை மாற்றி மாற்றி நாலைந்து முறை. நகத்தால் சுரண்டினால் இழை போய்விடும். நிறம் போகிற துணி, பட்டு என்றால் முதல் முறையே டிரை கிளீனரிடம் கொண்டுபோங்கள், உள்ளே ஒட்டு கேன்வாஸ் இருப்பதையும் சொல்லுங்கள், மலிவான பசை சில அங்கே உபயோகிக்கும் கரைப்பானில் பிடிப்பு இழக்கும்.

குறை: ரன்னர் முறுக்கிக்கொள்கிறது, நீளவாட்டில் ஓரம் சுருள்கிறது

முதலில் பின்துணியைத் தடவிப் பாருங்கள். ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் பின்துணி சின்னது, அல்லது அது மட்டும் சலவையில் சுருங்கியிருக்கிறது. மேல்பக்கமாகச் சுருண்டால் கோளாறு மேல்துணியில். தையல் இழுப்பாகவும் இருக்கலாம்: ஓரத் தையலில் ஓர் இஞ்ச் இடைவெளியில் இரண்டு மூன்று இடத்தில் நூலை வெட்டிவிட்டு ஓரம் தளர்ந்து படுக்கிறதா என்று பாருங்கள், படுத்தால் நூல் டென்ஷனைக் குறைத்து மறுதையல் போட்டால் போதும்.

மூலைவிட்டமாக முறுக்கினால் விஷயம் வேறு. மேல்துணி பாவு நேராக வெட்டப்படவில்லை, அல்லது துணி கேன்வாஸைக் கிராஸாக வைத்துவிட்டீர்கள். துணி கேன்வாஸ் என்றால் அதன் கரையும் மேல்துணியின் கரையும் ஒரே திசையில் ஓடணும். சிக்கனத்துக்காகத் துண்டு கேன்வாஸைத் திருப்பி வைக்கிறபோதுதான் இந்தத் தப்பு நடக்கும். இதற்கு முழுசாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. மேல்துணியையே கோணலாக வெட்டியிருந்தால் பிரித்தும் பிரயோஜனம் இல்லை, அதை இரண்டு மூன்று பிளேஸ் மேட்டாக (சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பு) வெட்டித் தைத்துவிடுங்கள்.

குறை: நடுவில் ஒரு குறுக்குக் கோடு, அல்லது ஓரத்தில் வெள்ளை நிழல்

கோடு என்றால் அது கேன்வாஸ் ஒட்டுப்போட்ட இடம். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒட்டுப்போடும்போது விளிம்போடு விளிம்பு மட்டும் தொடணும், ஏறக்கூடாது, அந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு பட்டை ஒட்டுங்கள். முடிந்தவரை நீளவாட்டில் வாங்கிவிட்டால் ஒட்டே தேவைப்படாது.

வெள்ளை நிழல் என்றால் கரும்பச்சை, கருநீலம் மாதிரி அடர் நிறத்துக்கு உள்ளே வெள்ளைக் கேன்வாஸ். கறுப்பிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

குறை: கூர்முனை மொத்தையாக நிற்கிறது

கேன்வாஸைத் தையல் விளிம்பு வரை கொண்டுபோயிருக்கிறீர்கள். முனையில் எட்டு அடுக்கு சேர்ந்துவிடும், எந்தப் பெட்டியாலும் அதைப் படியவைக்க முடியாது. தையல் கோட்டுக்கு நூலளவு உள்ளேயே கேன்வாஸ் நின்றுவிடட்டும், கூர்முனையில் இன்னும் அரை இஞ்ச் உள்ளே வெட்டிவிடுங்கள். தைத்துவிட்டதானால் முனையை மட்டும் பிரித்து, உள்ளே கத்தரியை விட்டு நறுக்கி, திரும்பத் தைக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

குறை: கண்ணாடி மேசையில் வழுக்குகிறது

இது கேன்வாஸ் பிரச்சினையே இல்லை. பின்துணியைச் சாட்டினிலிருந்து ஃபிளானலுக்கோ சொரசொரப்பான காடாத் துணிக்கோ மாற்றுங்கள்.

அம்மாவின் பட்டுப் புடவை என்றால்

பழைய பட்டுப் பார்டரில் ரன்னர் தைக்கக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் அதே துணி திரும்பக் கிடைக்காது.

ஒட்டு கேன்வாஸ் வேண்டாம். பசை உருகுகிற சூடும் பட்டு தாங்குகிற சூட்டின் எல்லையும் கிட்டக்கிட்ட இருக்கின்றன, கொஞ்சம் கூடினாலும் பட்டு பழுத்துவிடும். இஸ்திரிக் குறியீட்டில் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு புள்ளிக்கு மேலே பட்டைக் கொண்டுபோகவே கூடாது. ஜரிகையும் கவலைதான். வெள்ளிச் சரிகை சூடு தாங்கும், பாலியஸ்டர் ஜரிகை சட்டென்று சுருண்டுவிடும். எது என்று தெரிய வேண்டுமானால் உள் விளிம்பிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள், உருகி மணியாகச் சுருண்டால் அது பாலியஸ்டர்.

பட்டுக்குப் பின்னால் நனைத்துக் காயவைத்த மல் துணியை (மெல்லிய பருத்தி) விரித்து, விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டுத் தையலாகக் கையாலேயே நீளவாட்டில் சேர்த்துவிடுங்கள். மல் பட்டின் பாரத்தை வாங்கிக்கொள்ளும், விறைப்பும் வராது. தைக்கும் முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் கசிந்தால் பட்டு அங்கே இற்றுவிட்டது, குண்டூசி குத்தினாலே கிழியும். அங்கே உங்கள் கையை நிறுத்திக்கொண்டு ரஃபு வேலை (இழை கோத்துக் கிழிசலை அடைப்பது) தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். யாராவது பசை போட்டு ஒட்டிவிட்ட பட்டாக இருந்தாலும் அப்படியே, சூடு காட்டி உரித்துப் பார்க்க வேண்டாம், அப்படி உரித்ததில் பார்டர் பாதி கேன்வாஸோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.